தலைவர் வீட்டுத் திண்ணை: பதவியில் இருப்பவரின் கணவரும் மனைவியும் தெரிந்துகொள்ள வேண்டியவை

செட்டிநாட்டில் ஒருவருக்குப் பதவி வந்துவிட்டால், மறுநாள் விடிந்ததும் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். தலைவர் குளித்துக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் சிவகங்கைக்குக் கூட்டத்துக்குப் போயிருப்பார். வந்தவர்களுக்கு முகம் கொடுப்பது வீட்டில் இருப்பவர்தான். ஊராட்சித் தலைவி என்றால் கணவர், சட்டமன்ற உறுப்பினர் என்றால் பெரும்பாலும் மனைவி. இவருக்குச் சம்பளம் கிடையாது, பதவிப் பிரமாணம் கிடையாது, கையெழுத்து அதிகாரமும் கிடையாது. ஆனால் வழக்கு என்று வந்தால் இவர் பெயரும் சேர்ந்து வரும். வருமானத்துக்கு மீறிய சொத்து வழக்கில், அரசுப் பதவியில் இல்லாதவரையும் உடந்தை என்று சேர்த்து விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. அது தமிழ்நாட்டு வழக்குதான்.

இந்தக் குறிப்புகள் முழுக்க ஒரே விஷயத்தைச் சுற்றியவை: வருகிறவரை நன்றாக வரவேற்பது உங்கள் வேலை, முடிவெடுப்பது பதவியில் இருப்பவர் வேலை. இரண்டும் கலக்கிற இடங்கள் எவை என்று தெரிந்துகொண்டால் முக்கால்வாசிச் சிக்கல் வராது.

திண்ணைக்கு வருகிற மனு

முதலில் ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்குங்கள். பத்திகள் இப்படி இருக்கட்டும்: வரிசை எண், தேதி, பெயர், ஊர், போன் எண், என்ன விஷயம், எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டியது, தலைவரிடம் கொடுத்த தேதி, அலுவலக ஒப்புகை எண், முடிவு. கடைசி இரண்டு பத்திகள்தான் உயிர். அவை காலியாகவே இருந்தால், அந்த நோட்டு வெறும் வருகைப் பதிவேடு.

“ஆச்சி, தலைவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க” என்று வாயால் சொல்லிவிட்டுப் போகத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். “சொல்றேன்” என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள். “உக்காருங்கத்தா, தண்ணி குடிங்க. விஷயத்த ஒரு தாள்ல எழுதித் தாங்க, எழுத வராட்டி நான் எழுதுறேன், நீங்க கையெழுத்தோ ரேகையோ வைங்க” என்று சொல்லுங்கள். தாள் இல்லாத மனு மறந்துபோகும். மறந்துபோன மனு ஊருக்குள் வேறு கதையாகத் திரும்பி வரும்.

வருகிறவற்றில் பாதிக்குத் தலைவரே தேவையில்லை, சரியான கதவைக் காட்டினால் போதும். பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையம். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் நில அளவர் வந்து அளக்க வேண்டும், அதனால் நாளாகும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். முதியோர், விதவை உதவித்தொகை என்றால் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். ரேஷன் கார்டு வட்ட வழங்கல் அலுவலர். மகளிர் உரிமைத் தொகை மறுக்கப்பட்டிருந்தால் மேல்முறையீடு கோட்டாட்சியரிடம். காரைக்குடி தாலுகாக்காரர்களுக்கு அது தேவகோட்டை. முதல்வர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்று வேண்டும். எதிலும் அசைவு இல்லை என்றால் திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, 1100 என்ற முதல்வர் உதவி எண் இருக்கிறது. இவ்வளவையும் பெரிய எழுத்தில் எழுதி முகப்பில் ஒட்டிவையுங்கள். வருகிறவர் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போவார்.

மீதியை வாரம் ஒருமுறை, ஒரே உட்காரலில் தலைவரிடம் ஒப்படையுங்கள். அரை மணி நேரம் போதும், ஆனால் அந்த அரை மணி நேரத்தைச் சாப்பாட்டு நேரத்தில் வைக்காதீர்கள். இலையில் உட்கார்ந்தவர் “ம்” கொட்டிக்கொண்டே கேட்பார், ஒன்றும் மனதில் நிற்காது. மனு கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் வராதவற்றைச் சிவப்பு மையில் வட்டமிட்டு முதலில் காட்டுங்கள்.

அதிகாரிகளுக்கு நீங்களே போன் போடக் கூடாது. அவசரம், பாவம், வயதான ஆச்சி என்று எவ்வளவு நியாயம் இருந்தாலும் கூடாது. ‘எம்.எல்.ஏ. வீட்டிலிருந்து பேசுகிறேன்’ என்ற அழைப்பை அந்தப் பக்கம் இருப்பவர் கோரிக்கையாக எடுத்துக்கொள்வாரா, கட்டளையாக எடுத்துக்கொள்வாரா என்பது உங்கள் கையில் இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த வேலைக்காக யாராவது உங்களுக்கு ஏதாவது கொடுத்திருந்தால் வருவது. செல்வாக்கைப் பயன்படுத்தி அரசு ஊழியரைக் காரியம் செய்ய வைப்பதாக ஆதாயம் பெறுபவர் யாராக இருந்தாலும், ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7ஏ பிரிவில் 3 முதல் 7 ஆண்டுவரை சிறை. பதவியில் இருந்தால்தான் அது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம்.

லெட்டர்பேடு வீட்டில் இருந்தால் தாள்களுக்கு எண் போட்டுப் பூட்டி வையுங்கள். வெற்றுத் தாளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைப்பது பல வீடுகளில் நடக்கிற பழக்கம். பரிந்துரைக் கடிதம் அவசரமாகத் தேவைப்படும்போது உதவும் என்று தொடங்குவது, யார் எதற்கு எழுதினார்கள் என்றே தெரியாத கடிதத்தில் போய் முடியும். கையெழுத்தான ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் ஒன்று கோப்பில் இருக்க வேண்டும்.

கோயில் திருப்பணி கேட்டு வருகிறவர்களுக்குத் தனியாகப் பதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பக்கத்தில் அது நிச்சயம் வரும். நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி. அதில் வழிபாட்டுத் தலத்துக்குள் எந்த வேலையும் எடுக்க முடியாது. “ஐயாட்ட சொல்லிப் பாக்குறேன்” என்று இழுக்காமல், விதியில் இடமில்லை என்று அன்றே சொல்லிவிட்டால் ஊரார் வேறு வழி பார்ப்பார்கள். ஊருக்குப் பொதுவான சாலை, பள்ளிக்கு வகுப்பறை, குடிநீர் என்று கேட்டால் அதை எழுதி வாங்குங்கள்.

தட்டில் வருவது

நம் பக்கத்தில் வெறுங்கையோடு யாரும் வீடு ஏற மாட்டார்கள். கொட்டானில் சீப்புச் சீடை, மணகோலம், ஒரு சீப்பு வாழைப்பழம், சால்வை. இதையெல்லாம் வேண்டாம் என்று சொன்னால் மனம் புண்படும், சொல்லவும் வேண்டியதில்லை. பலகாரத்தை அங்கேயே பிரித்து, திண்ணையில் இருக்கிற எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். சால்வைகளை மாதக் கடைசியில் எண்ணி, முதியோர் இல்லத்துக்கோ மருத்துவமனைக்கோ கொடுத்துச் சீட்டு வாங்குங்கள்.

கவனிக்க வேண்டியது தாம்பூலத் தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய் எல்லாம் முறைப்படி இருக்கும். வெற்றிலையின் காம்பு வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்கும், அடியில் ஒரு கவர் இருக்கும். கொடுத்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போயிருப்பார். அதனால் தட்டை வாங்கி நேரே வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அவர் எதிரிலேயே, முகப்பிலேயே, தேங்காயையும் வெற்றிலையையும் எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பிக் கொடுங்கள். கவர் இருந்தால் அது தட்டோடு போய்விடும், யாருக்கும் அவமானம் இல்லை. ஆள் போன பிறகு கண்ணில் பட்டால், பிரிக்காமல் இரண்டு பேரைச் சாட்சி வைத்து, தேதி, நேரம், யார் கொண்டுவந்தது என்று எழுதி, தலைவருக்கு உடனே சொல்லி, அன்றைக்கே ஆள் மூலம் திருப்பி அனுப்பி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டகத்தில் வைத்த கவர் ஓர் இரவு உங்கள் வீட்டில் இருந்த கவர். பின்னால் விளக்கம் சொல்வது கடினம்.

மொய் விஷயம் தனி. நாம் வைக்கிற மொய்க்கும் நமக்கு வருகிற மொய்க்கும் நோட்டு இருப்பது இங்கே பழைய வழக்கம்தான், அதை விடாமல் தொடருங்கள். ஆனால் வருமான வரியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கல்யாணத்தில் மணமக்களுக்கு வருகிற அன்பளிப்புக்கு வரி இல்லை. காதுகுத்து, புதுமனை புகுதல், அறுபதாம் கல்யாணம் ஆகியவற்றுக்கு அந்த விலக்கு இல்லை. அறுபதாம் கல்யாணத்தைச் சாந்தி என்று நாம் என்னதான் கல்யாணமாக நடத்தினாலும் வருமான வரிக்கு அது திருமணம் ஆகாது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் வந்த மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகக் காட்ட வேண்டும். இதில் உறவினர் என்பது வரிச் சட்டம் சொல்லும் பட்டியல்: பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், வாழ்க்கைத் துணையின் உடன்பிறந்தவர்கள், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் என்று போகும். ஒன்றுவிட்ட அண்ணனும் பங்காளியும் அதில் வர மாட்டார்கள். ரொக்கமாக ஒரே ஆளிடம் ஒரு நிகழ்ச்சிக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ வாங்கவே கூடாது.

தலைவர் அமைச்சராகிவிட்டால் கட்டுப்பாடு இன்னும் இறுகும். அமைச்சர்களுக்கான நடத்தை விதியில் குடும்பத்தாரும் வருகிறார்கள். விலை உயர்ந்த பரிசு வாங்கக் கூடாது, அந்த அரசுக்குப் பொருள் விற்கும் தொழிலில் குடும்பத்தார் இறங்கக் கூடாது, சொத்து விவரத்தை ஆண்டுதோறும் முதல்வரிடம் கொடுக்க வேண்டும்.

சொத்துக் கணக்கு: செட்டிநாட்டு வீடுகளுக்கு இதில்தான் இடறல்

சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர் வேட்புமனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரமான படிவம் 26-இல் துணைவருக்கென்றே தனிப் பத்தி இருக்கிறது. உங்கள் பான் எண், கடைசி 5 ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம், தொழில், வருமானம் வரும் வழி, கையிருப்பு, வங்கி, பங்குகள், வாகனம், நகை, நிலம், வீடு, கடன், அரசு ஒப்பந்தம் ஏதாவது இருந்தால் அது, எல்லாம் வேண்டும். கையெழுத்துப் போடுவது வேட்பாளர். அதனால் உங்கள் கணக்கு தவறாக இருந்தாலும் தண்டனை அவருக்கு: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் 6 மாதம்வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். வேட்புமனுத் தாக்கலுக்கு முந்தின வாரம் உட்கார்ந்து எழுதினால் தவறு வரத்தான் செய்யும். மூன்று மாதம் முன்னாலேயே தொடங்குங்கள்.

முதலில் வீடு. ஒரு பூர்வீக வீட்டில் பத்துப் பங்கு, இருபது பங்கு என்று இருப்பது இங்கே சாதாரணம். ஒரு பங்காளி கோலாலம்பூரில், இன்னொருவர் சென்னையில், பத்திரம் தாத்தா பெயரில். “அது பொது வீடு, நமக்கென்ன” என்று விட்டுவிடுகிறார்கள். படிவம் கூட்டுச் சொத்தையும் அதில் உங்கள் பங்கின் அளவையும் கேட்கிறது. பூர்வீகமா, வாங்கியதா, பரப்பு எவ்வளவு, இன்றைய சந்தை மதிப்பு எவ்வளவு என்று தனித்தனிக் கேள்வி இருக்கிறது. வில்லங்கச் சான்று எடுத்து, பங்கு விவரத்தைப் பங்காளிகளில் மூத்தவரிடம் கேட்டு எழுதி வாங்கி, உங்களுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால் அப்படியே பதியுங்கள்.

அடுத்து நகை. எடையும் மதிப்பும் இரண்டும் வேண்டும். பெட்டகத்தைத் திறந்து, தங்கம் தனி, வைரம் பதித்தது தனி, வெள்ளிச் சாமான் தனி என்று பிரித்து, மதிப்பீட்டாளரை வரவழைத்து நிறுத்துச் சான்று வாங்குங்கள். கழுத்திரு போன்ற குடும்ப நகை யார் பெயரில் கணக்கில் வருகிறது என்று மாமியாரோடு பேசி முடிவு செய்யுங்கள். ஒரே நகையை மாமியாரும் மருமகளும் தங்கள் கணக்கில் காட்டுவதும், இருவருமே காட்டாமல் விடுவதும் இரண்டுமே நடக்கிறது. 500 கிராம்வரை கணக்கே வேண்டாம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது 1994-இல் வருமான வரித் துறை தன் அதிகாரிகளுக்குச் சொன்னது. சோதனையின்போது திருமணமான பெண்ணிடம் 500 கிராம், திருமணமாகாத பெண்ணிடம் 250, ஆணிடம் 100 கிராம்வரை பறிமுதல் செய்ய வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். படிவம் 26-க்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஒரு சவரன் இருந்தாலும் எழுத வேண்டும்.

மலேசியா, சிங்கப்பூரில் பழைய கணக்கோ பங்கோ உங்கள் பெயரில் கிடந்தால் அதையும் காட்ட வேண்டும். அப்பச்சி காலத்துத் தோட்டப் பங்கு ஒன்றுக்கும் உதவாது என்று நீங்கள் நினைக்கலாம், எதிரணி அப்படி நினைக்காது.

எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது. ‘இல்லை’, ‘பொருந்தாது’ என்று எழுதியே ஆக வேண்டும். வெற்றிடம் விட்டு, நினைவூட்டிய பிறகும் நிரப்பாத மனுவைத் தேர்தல் நடத்தும் அதிகாரி நிராகரிக்கலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வென்று நாடாளுமன்றம் போனவர் பதவியேற்ற 90 நாளுக்குள் தன் சொத்து, துணைவர் சொத்து, தன்னை நம்பியிருக்கும் பிள்ளைகள் சொத்து மூன்றையும் மறுபடி அவைக்குத் தர வேண்டும். முதலில் தயாரித்த கோப்பைப் பத்திரமாக வைத்திருந்தால் இது ஒரு நாள் வேலை.

ஊராட்சித் தலைவியின் கணவருக்கு

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை ஒன்றியங்களில் எத்தனையோ பெண்கள் அதனால் தலைவர்களானார்கள். மாலையும் பேனரில் படமும் மனைவிக்கு, நாற்காலி கணவருக்கு என்று நடக்கிற ஊர்களும் உண்டு. அது மனைவிக்குச் செய்கிற உதவி என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அவர் பதவியை எடுத்துக்கொள்வது. அந்த வாக்கு அவருக்கு விழுந்தது.

ஊராட்சி அலுவலகத்தில் தலைவர் நாற்காலியில் உட்காராதீர்கள், அவர் ஊரில் இல்லாத நாளிலும். முத்திரை, காசோலைப் புத்தகம், தீர்மானப் புத்தகம், டிஜிட்டல் கையொப்பக் கருவி எதுவும் உங்கள் கையிலோ பைக் பெட்டியிலோ இருக்கக் கூடாது. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்துதான் கையெழுத்திட வேண்டும். மனைவியின் கையெழுத்தை நீங்கள் போட்டால் அது மோசடிக் குற்றம், குடும்பத்துக்குள் நடந்தது என்பது பதிலாகாது. அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிற தலைவரின் போன் எண் அவர் கையில் ஒலிக்கிற எண்ணாக இருக்கட்டும். கிராம சபையில் வாக்காளர்களோடு வாக்காளராகத் தரையில் உட்காருங்கள், பேச வேண்டுமென்றால் அங்கிருந்து எழுந்து பேசுங்கள். மேடையில் மனைவிக்குக் காதில் பதில் சொல்லிக் கொடுப்பதை ஊரே பார்க்கும், அடுத்த கேள்வி உங்களிடம் வரும்.

உதவ வேண்டுமென்று உண்மையாகவே விருப்பம் இருந்தால் வீட்டு வேலையில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை வருகிறது. அதற்கு முந்தின நாள் இரவு அவர் வரவு செலவுக் கணக்கைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முதல் ஆறு மாதம் ஒவ்வொரு செலவுச் சீட்டையும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திடுவேன் என்று அவர் நின்றால், ஊராட்சிச் செயலரும் ஒப்பந்தக்காரரும் முணுமுணுப்பார்கள். அப்போது அவர் பக்கம் நில்லுங்கள். ஒப்பந்த வேலையில் உங்களுக்கு நேராகவோ மறைவாகவோ பங்கு வேண்டாம். மனைவியின் பதவியையே அது பறித்துவிடக் கூடும்.

தனித் தொகுதியில் வென்ற பட்டியல் இனப் பெண்ணின் கணவருக்கு ஒன்று கூடுதலாக. நாற்காலி தராமல் இருப்பது, கொடியேற்ற விடாமல் செய்வது போன்றவை நடந்தால் சமாதானம் பேசி மறைக்கச் சொல்லி உங்களிடம்தான் முதலில் ஆள் வரும். பட்டியல் இனத்தவரான உள்ளாட்சித் தலைவரைக் கடமை செய்ய விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். எழுத்தில் புகார் கொடுப்பதா என்ற முடிவு மனைவியுடையது. அவருக்கு முன்னால் நீங்கள் கைகுலுக்கிவிட்டு வராதீர்கள்.

கல்யாணம், துக்கம், கோயில்

ஒரே முகூர்த்தத்தில் கோட்டையூரில் ஒன்று, கானாடுகாத்தானில் ஒன்று, தேவகோட்டையில் ஒன்று என்று பத்திரிகை வரும். தேவகோட்டையும் கானாடுகாத்தானும் காரைக்குடிக்கு எதிரெதிர்த் திசை. மூன்றுக்கும் போகிறேன் என்று ஒப்புக்கொண்டு ஒன்றுக்குப் பந்தி முடிந்த பிறகு போய் நிற்பதைவிட, தலைவர் ஒரு திசை, நீங்கள் ஒரு திசை என்று பிரித்துக்கொள்வது நல்லது. மூன்றாவது வீட்டுக்கு முந்தின நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். கல்யாண வீட்டில் உள் முற்றமான வளவுக்குள் போய் ஆச்சிமாரை முதலில் பாருங்கள். பட்டாலையில் ஆண்கள் கூட்டத்தோடு பேசிவிட்டுத் திரும்பினால் வந்ததாகவே கணக்கில்லை.

துக்க வீட்டுக்குச் செய்தி தெரிந்த அன்றே போக வேண்டும். போட்டோ எடுக்கிறவரையும் கட்சிக் கரை வேட்டிக் கூட்டத்தையும் தெருமுனையில் நிறுத்திவிட்டுப் போங்கள்.

கோயிலில் பரிவட்டமும் முதல் மரியாதையும் ஊர் வழக்கத்துக்கு உட்பட்டவை. பல இடங்களில் நீண்ட வழக்குகளுக்கு உள்ளானவை. பதவியை உத்தேசித்துத் தருவதாக அர்ச்சகரே முன்வந்தாலும், வழக்கமாக யாருக்கு உண்டோ அவருக்கு முதலில் தந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிடுங்கள். சிராவயல் மஞ்சுவிரட்டு மேடையிலும் அப்படித்தான்: உங்களுக்கென்று நாற்காலி போட்டிருந்தால் உட்காருங்கள், இன்னொருவரை எழுப்பிவிட்டு உட்கார வேண்டாம்.

தேர்தல் நேரம்

துணைவர் அரசுப் பள்ளி ஆசிரியராகவோ வேறு அரசு ஊழியராகவோ இருந்தால் வாக்குக் கேட்டுப் போகவே கூடாது. தேர்தல் முகவராகவோ வாக்குச்சாவடி முகவராகவோ உட்கார்ந்தால் 3 மாதம்வரை சிறை உண்டு.

மற்றவர்கள் பிரசாரத்துக்குப் போகலாம். அங்கே இடறுவது ஆரத்தித் தட்டு. பெண்கள் ஆரத்தி எடுத்ததும் கை தானாகத் தட்டுக்குப் போகும், வழக்கம் அப்படி. தேர்தல் காலத்தில் அது வாக்குக்குப் பணம், படம் பிடித்தவுடன் வழக்கு. கையில் மணிபர்ஸே இல்லாமல் போங்கள். கும்பிட்டு, குங்குமம் வைத்துக்கொண்டு நகருங்கள்.

காரில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமோ 10,000 ரூபாய்க்கு மேல் பரிசுப் பொருளோ இருந்தால் பறக்கும் படை பிடித்துவைக்கும். வீட்டுக் கல்யாணத்துக்குக் கண்டாங்கிச் சேலை இருபது எடுப்பதாக இருந்தாலும் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே எடுத்துவிடுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் கடைப் பில்லும் கல்யாணப் பத்திரிகையும் காரிலேயே இருக்கட்டும்.

வேட்புமனு நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள்வரை நீங்கள் பிரசாரத்துக்குச் செய்கிற டீசல், சாப்பாடு, பந்தல் எல்லாம் வேட்பாளர் செலவில் சேரும். சட்டமன்றத் தேர்தலுக்கு உச்சவரம்பு 40 லட்சம். அன்றன்று இரவே சீட்டுகளைக் கணக்கெழுதுகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், தோற்றவரும்தான்.

பதவி முடிந்த வாரம்

மீதமிருக்கிற லெட்டர்பேடுத் தாள்களை எண்ணி, தலைவர் கையெழுத்துடன் கிழித்து அழித்துவிடுங்கள். அரசு வண்டி, அரசு போன், அலுவலகச் சாவி, கோப்புகள் எதுவாக இருந்தாலும் பட்டியல் போட்டு ஒப்படைத்துச் சீட்டு வாங்குங்கள். அரசு குடியிருப்பில் இருந்திருந்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர் பாக்கி இல்லை என்ற சான்று கட்டாயம். அடுத்த தேர்தலில் படிவம் 26 அதைக் கேட்கும்.

மனு நோட்டில் முடியாமல் நிற்கிறவற்றைத் தனித் தாளில் எழுதி, எந்த அலுவலகத்தில் எந்த ஒப்புகை எண்ணில் இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொல்லிவிடுங்கள். அவர்கள் அந்த எண்ணை வைத்துக்கொண்டு புதிய தலைவரிடம் போகலாம். புதியவர் எதிர்க்கட்சிக்காரராக இருந்தாலும் பட்டியலின் நகல் ஒன்றை அவருக்கும் அனுப்புங்கள்.